பதினாறு வயதில் நான்கு சுற்று

பனிச்சறுக்கில் பதின்வயதினர் காட்டும் சாகசத்தை எண்களில் தொடங்குவதுதான் சுலபம். ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டு, இரட்டைப் பலகையில் சறுக்கும் ஃப்ரீஸ்கீ போட்டிகளைப் பார்த்தால் வர்ணனையாளர் 1080, 1440, 1620 என்று அடுக்கிக்கொண்டே போவார். எல்லாம் பாகைக் கணக்கு. ஒரு முழுச் சுற்றுக்கு 360. ஆக, 1080 என்றால் தரையில் இறங்குவதற்குள் மூன்று சுற்று, 1440 என்றால் நான்கு. அந்தச் சுற்றும் நிமிர்ந்து நின்றபடி இல்லை. வேகம் குறையும் பம்பரம் சாய்ந்து சுழலுமே, அதுபோல உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து, தலை காலுக்குக் கீழே போய்த் திரும்பும்.

இப்போது 2023 பிப்ரவரிக்கு வருவோம். ஜார்ஜியா நாட்டின் பாகுரியானியில் உலகச் சாம்பியன் போட்டி. ஸ்னோபோர்டு ஸ்லோப்ஸ்டைல் என்ற பிரிவின் இறுதிச் சுற்று. மேலே இரும்புக் கம்பிகள் மீது சறுக்கி, கீழே வரிசையாக இருக்கும் பெரிய பனிமேடுகளிலிருந்து தாவ வேண்டும். நடுவர்கள் நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். இங்கிலாந்தின் மியா புரூக்ஸ், வயது 16, கடைசி மேட்டை நோக்கி வருகிறார். வழக்கமாகப் பின்னால் இருக்கும் கால் முன்னால், அதாவது கால் மாற்றி நின்றபடி வருகிறார். எழும்பி, நான்கு சுற்று சுற்றி, அதற்குள் இரண்டு முறை கையால் பலகையைப் பிடித்துவிட்டு இறங்குகிறார். போட்டியில் எந்தப் பெண்ணும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நியூசிலாந்தின் ஸோயி சடோவ்ஸ்கி சின்னாட்டுக்கு அன்று இரண்டாமிடம்தான்.

பலகையைப் பிடிப்பது அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுழலும்போது கை காற்றில் துழாவினால், ஆள் தடுமாறுகிறார் என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். பிடித்து, சற்று நேரம் விடாமல் வைத்திருந்தால் கட்டுப்பாடு இருக்கிறது என்று பொருள். என்னைக் கேட்டால், எண்ணை எண்ணுவதைவிட அந்தக் கையைப் பார்ப்பது நல்லது.

மியாவிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. அவர் வளர்ந்த செஷயர் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி பனிமலையே கிடையாது. கிட்ஸ்குரோவ் என்ற ஊரில் பிளாஸ்டிக் சரிவு ஒன்று இருக்கிறது. பிரஷ் முடி போன்ற விரிப்பு, அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். விழுந்தால் தோல் உரியும். கையுறை இல்லாவிட்டால் விரிப்பின் ஓட்டையில் கட்டைவிரல் மாட்டும். அங்கேதான் அவர் கற்றார். ஸ்காட்லாந்தில் அபர்டீனின் கெர்ஸ்டி மியூரும் இப்படிப் பிளாஸ்டிக்கில் பழகியவர்தான். 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போய், ஒரே பெரிய மேட்டிலிருந்து தாவும் ஸ்கீ பிக் ஏர் பிரிவில் ஐந்தாவதாக வந்தார்.

சரி, இவ்வளவு சின்ன வயதில் எப்படி? ‘அந்த வயதில் பயம் தெரியாது’ என்று எல்லாரும் சொல்லும் பதில் எனக்கு அரைகுறையாகப் படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் பயமறியாத பிள்ளைகள் இருந்தார்கள். நான்கு சுற்று யாரும் சுற்றவில்லை. மாறியது பயிற்சி முறை. முன்பெல்லாம் புதுத் தாவலைப் பனியில்தான் பழக வேண்டும். தவறினால் உறைந்த தரை. ஒரு நாளில் நாலைந்து முறை விழுந்தால் உடம்பு போதும் என்றுவிடும், பனிக்காலமும் சில மாதத்தில் முடிந்துவிடும்.

இப்போது ஏர்பேக் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட தாவுமேடையிலிருந்து எழும்பினால், கீழே மின்விசிறிகளால் ஊதப்பட்ட ராட்சத மெத்தை. முதலில் வந்தவை தட்டையானவை, விழலாம், அவ்வளவுதான். பிறகு வந்தவை உண்மையான பனிச்சரிவின் கோணத்திலேயே சாய்வாக அமைந்தவை. சரியாகச் சுற்றினால் கால் ஊன்றிச் சறுக்கிக்கொண்டே இறங்கலாம். தவறினால் எழுந்து, தட்டிவிட்டு, மறுபடி மேலே ஏறலாம். கோடையிலும் நடக்கும். ஜப்பானில் இப்படிப்பட்ட கூடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள். அந்நாட்டுப் பெயர்கள் பதக்கப் பட்டியலை நிறைப்பதற்கு இது பெரிய காரணம் என்பேன். கொகோமோ முராசே 13 வயதில் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் பிக் ஏர் தங்கம் வென்றார். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் அதே போட்டியில் ஹிரோட்டோ ஒகிவாரா, 19 வயதில், முதன்முதலாக 2340 சுற்றி இறங்கினார். ஆறரைச் சுற்று!

உடம்புக்கும் பங்கு இருக்கிறது. சிறிய உடம்பைச் சுருட்டிச் சுழற்றுவது எளிது. உயரம் கூடும் வயதில் பழகிய சுற்றுகளின் கணக்குத் தப்பும். மறுபடி பழக வேண்டும்.

இனி வயது வரம்பு. பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்குக்கு, 2006 டிசம்பர் 31-க்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. மியா பிறந்தது 2007 ஜனவரி 19. பத்தொன்பது நாளில் வாய்ப்பு போயிற்று. அமெரிக்காவின் குளோயி கிம் 2014-இல் தகுதி பெறும் தரத்தில் இருந்தும் 13 வயது என்பதால் சோச்சி ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. நான்கு ஆண்டு காத்திருந்து 17 வயதில் பியோங்சாங்கில் ஹாஃப்பைப் தங்கம் வாங்கினார். எக்ஸ் கேம்ஸில் அந்தக் கெடுபிடி இல்லை. 2023-இல் தென்கொரியாவின் சோய் கா-ஒன் அங்கே ஹாஃப்பைப் பிரிவில் 14 வயதில் வென்று, அந்தப் பிரிவில் கிம் வைத்திருந்த ‘மிக இளையவர்’ சாதனையையே எடுத்துக்கொண்டார்.

ஹாஃப்பைப் என்பது இருபக்கமும் சுமார் 22 அடிச் சுவருள்ள பனி வாய்க்கால். சுவரின் விளிம்பைத் தாண்டி மேலே பறந்து, அதே சுவரில் வந்து இறங்க வேண்டும். சற்று முன்னால் இறங்கினால் விளிம்பில் மோதல், தள்ளி இறங்கினால் தட்டைத் தரை. 2024 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தின் லாக்ஸில் சோய்க்கு முதுகெலும்பு முறிந்தது. ஓராண்டு போனது. 2026 பிப்ரவரியில் இத்தாலியின் லிவிஞ்ஞோவில் ஒலிம்பிக் இறுதி. தொடர்ந்து மூன்றாவது தங்கத்துக்காகக் கிம்மும் அங்கே இருக்கிறார். முதல் ஓட்டத்திலேயே சோய் பலமாக விழுந்தார். எழுந்திருக்கவே நேரமாயிற்று. மூன்றாவது ஓட்டத்தில் 90.25 எடுத்தார். கிம்முக்கு 88. சிறுவயதில் தனக்கு வழிகாட்டியவரைத் தாண்டிப் போன வெற்றி அது.

ஆனால் இந்தக் கதையை ‘விழுந்தாலும் எழுந்தார்’ என்று மட்டும் சொல்லி முடிப்பது சரியில்லை. எஸ்தோனியாவின் கெல்லி சில்தாரு 13 வயதில் எக்ஸ் கேம்ஸ் தங்கம் வென்றவர். முழங்கால் காயத்தால் 2018 ஒலிம்பிக்கே கைவிட்டுப் போனது. இத்தாலியின் ஃப்ளோரா டாபனெல்லி 17 வயதில் ஸ்கீ பிக் ஏர் உலகச் சாம்பியன். 2025 நவம்பரில் முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. மூன்றே மாதத்தில், அந்தக் காலோடு, லிவிஞ்ஞோவில் வெண்கலம். அசாத்தியம்தான், மறுக்கவில்லை. ஏர்பேக் பழகும்போது காப்பாற்றுகிறது. போட்டி நாளில் பனி பனிதான். வயது வரம்பை ஒரு வருடம் உயர்த்துவதால் பெரிதாக எதுவும் மாறும் என்று நான் நினைக்கவில்லை. எட்டு வயதில் மெத்தையில் தாவத் தொடங்கும் பிள்ளையை எந்த விதியும் கேட்பதில்லை. காயத்துக்குப் பிறகு எப்போது திரும்பலாம் என்பதை அணியோடு சம்பந்தமில்லாத ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால், அது நிஜமாகவே சில முழங்கால்களைக் காப்பாற்றும்.