ஆப் யார் பெயரில் இருக்கிறது?

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவத்தில் நைனார்பாளையம், சின்னசேலம் பக்கத்து வியாபாரியிடம் கேட்கப்படுவது மூன்றே கேள்விகள்தான்: லோடு எத்தனை டன், பாயிண்ட் எவ்வளவு, பணம் எப்போது. கிழங்கின் மாவுச்சத்தைக் குறிக்கும் அந்தப் பாயிண்டை வைத்துத்தான் சேகோ ஆலை விலை போடுகிறது. எடைச் சீட்டு, பாயிண்ட், விவசாயிக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் நீளக் கணக்கு நோட்டில் கிடந்தன. இன்று அவற்றை ஒரு ஆப்பில் ஏற்ற கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகூட வேண்டாம். பெட்டியை இழுத்து இங்கே வை, பட்டனை அங்கே வை, எக்செல் தாளை இணை என்று படம் பார்த்தே செய்யும் கருவிகள் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இப்படி ஒரு வியாபாரி ஆப் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடக் கணக்கும் அதில் ஏறியாயிற்று. ஒரு நாள் மின்னஞ்சல் வருகிறது: "மகிழ்ச்சியான செய்தி, எங்கள் நிறுவனம் இன்னொரு பெரிய நிறுவனத்தோடு இணைகிறது." அவர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். விளம்பரக் கடிதங்களோடு அதுவும் கிடக்கும். ஆறு மாதம் கழித்து ஆப் திறக்காதபோதுதான் தேடுவார்.

பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை எதற்கு வாங்குகிறது? பல நேரங்களில் உள்ளே இருக்கும் ஆட்களுக்காக, சில நேரங்களில் தொழில்நுட்பத்துக்காக, எப்போதாவது போட்டி ஒழியட்டும் என்று. வாடிக்கையாளர் அந்தக் கணக்கில் கடைசி வரி. பெங்களூரின் லிட்டில் ஐ லேப்ஸ், ஆப்களின் வேகத்தைச் சோதிக்கும் கருவி செய்த சிறு நிறுவனம். 2014 ஜனவரியில் ஃபேஸ்புக் அதை வாங்கியது. இந்தியாவில் ஃபேஸ்புக் வாங்கிய முதல் நிறுவனம் அதுதான். ஆட்கள் கலிஃபோர்னியா போனார்கள். கருவி அந்த ஜூன் மாதம் வரை இலவசமாகக் கிடைத்தது, அதோடு சரி. ஆப்களின் தரவைச் சேமிக்கும் பின்தளத்தைக் கொடுத்த பார்ஸ் நிறுவனத்தை 2013இல் வாங்கியதும் ஃபேஸ்புக்தான். 2016 ஜனவரியில் மூடுவதாக அறிவித்து, ஒரு வருடம் கழித்து மூடியது. ஆனால் பார்ஸ் சாவதிலும் ஒரு மரியாதை இருந்தது. மென்பொருளின் மூலநிரலைப் பொதுவில் திறந்துவிட்டார்கள், தரவை எடுத்துச் செல்லக் கருவியும் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போக முடிந்தது.

கூகுள் கதை வேறு மாதிரி. 2020 ஜனவரியில் ஆப்ஷீட் என்ற, நிரல் எழுதாமல் ஆப் செய்யும் கருவியை வாங்கியது. அதே மாதம், தன் சொந்தக் கருவியான ஆப் மேக்கரை ஒரு வருடத்தில் மூடப்போவதாகச் சொல்லிவிட்டது. அதில் செய்த ஆப்களை நேரடியாக வேறெங்கும் மாற்ற வழியில்லை, முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். ஆகவே நீங்கள் நம்பிய நிறுவனம் விற்கப்பட்டால்தான் ஆபத்து என்றில்லை. அது இன்னொன்றை வாங்கினாலும் ஆபத்துதான்.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது வேவ்மேக்கர். இழுத்துப் போட்டு வலைச் செயலி கட்டும் கருவி அது. 2011இல் விஎம்வேர் வாங்கியது. இரண்டே வருடத்தில் ஆதரவை நிறுத்தியது. 2013இல் ஹைதராபாத்தின் பிரமாதி நிறுவனம் அதை விஎம்வேரிடமிருந்து வாங்கி மறுபடி நடத்தியது. இடையில் தவித்தவர்களைக் காப்பாற்றியது பிரமாதி மட்டுமல்ல. வேவ்மேக்கர் அப்போது திறந்த மூலநிரல் மென்பொருளாக இருந்தது. அது உருவாக்கித் தந்தது சாதாரண ஜாவா நிரல். கருவியே இல்லாமல் போனாலும் ஆப் ஓடும், ஜாவா தெரிந்த யாரும் கை வைக்கலாம். கருவி எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நான் கட்டியதை வெளியே எடுத்துச் சென்றால் அது ஓடுமா?

நம் ஊர்க்காரருக்கு இதைக் குத்தகையாகச் சொன்னால் உடனே புரியும். மாதச் சந்தா கட்டி ஆப் வைத்திருப்பது அடுத்தவர் நிலத்தில் பயிர் வைப்பது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிலம் கைமாறினால் புது முதலாளி உழுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் குறுக்கே நிற்கிறது. மென்பொருள் குத்தகைக்கு நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஐரோப்பாவில் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தரவோடு மாறும் உரிமையைக் கொடுக்கிறது. இங்கே 2019இல் வந்த தரவு மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2023இல் சட்டமாக வந்தபோது காணாமல் போயிருந்தது. இணைப்புகளை ஆராயும் போட்டி ஆணையம் பார்ப்பது சந்தையில் போட்டி கெடுமா என்பதை. உங்கள் கிழங்குக் கணக்கை அல்ல.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று பட்டியல் போடுகிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது அதில் உண்டு. நுகர்வோரின் சம்மதம் இல்லாமல், அவருக்குப் பாதகமாக, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதும் உண்டு. நிறுவனம் கைமாறும்போது சில நேரம் நடப்பது இதுதான். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குப் போட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மூன்று வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒரு வருடத்தில் மூடிவிட்டார்கள், மீதிப் பணம் வேண்டும் என்பது சேவைக் குறைபாடு. அதை மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். எல்லாத் தகராறும் நடுவர் முன்தான் என்று விதிமுறையில் அச்சடித்திருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. உச்ச நீதிமன்றம் 2018இல் எமார் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் அதைத் தெளிவாக்கிவிட்டது.

ஒரு முள் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு என்றாலும், பழைய சட்டத்தில் "பொருள், சேவை" என்று இருந்த அந்த விளக்கம் புதிய சட்டத்தில் "பொருள்" என்று சுருங்கியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடிப்பார். எனவே புகாரின் முதல் பத்தியிலேயே, ஆள் வைக்காமல் தானே நடத்தும் தொழில், குடும்பப் பிழைப்பு இதில்தான் என்பதை எழுதிவிடுங்கள். மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்குக்கோ கோயில் வரவு செலவுக்கோ செய்த ஆப் என்றால் இந்தத் தொல்லை குறைவு. இந்தியாவில் அலுவலகமே இல்லாத நிறுவனம் என்றால், தீர்ப்பு வாங்குவதைவிடப் பணத்தை வசூலிப்பது கடினம். அதனால்தான் பல வருடச் சந்தாவைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மொத்தமாகக் கட்டாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்றைப் பலரும் நினைப்பதில்லை. அந்த ஆப்பில் இருக்கும் விவசாயிகளின் போன் நம்பருக்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் பொறுப்பு கருவி நிறுவனம் அல்ல, நீங்கள். மேலே சொன்ன 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில் அமலாகும்.

ஆப்பை நீங்களே செய்யாமல், கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ ஒரு தம்பியிடம் காசு கொடுத்துச் செய்திருந்தால் வேறு சிக்கல். காசு கொடுத்துவிட்டதாலேயே நிரல் உங்களுடையது ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாமல் தனியாகச் செய்து கொடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை மாறும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். டொமைன் பெயரும் அப்படியே. தம்பியின் மின்னஞ்சலில் பதிந்திருந்தால் அது தம்பியின் கையில்தான். பட்டா மாற்றாமல் நிலம் வாங்கின கதை.

இணைகிறோம், மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்துவிட்டதா? முதலில் தரவை இறக்குங்கள், சிஎஸ்வி அல்லது எக்செல் கோப்பாக. இறக்கிய கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகக் குழம்பியிருப்பது அடிக்கடி நடக்கும். எடைச் சீட்டுப் படங்கள் தனியாக இறங்க வேண்டியிருக்கும். பழைய விதிமுறைகள், ரசீதுகள், மூடல் அறிவிப்பு மூன்றையும் சேமியுங்கள். மீதிப் பணம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வழக்கு. வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 இருக்கிறது. பெண்களுக்கும், கல்வராயன் மலையில் தேனும் கடுக்காயும் விற்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

இதற்கெல்லாம் முன்பே செய்துவிட வேண்டியது ஒன்று: ஆட்டோபேயை நிறுத்துங்கள். கார்டிலோ யுபிஐயிலோ போட்டுவைத்த அனுமதி, ஆப் செத்த பிறகும் உயிரோடு இருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியும் விளம்பரங்களுக்கு நடுவில்தான் கிடக்கும்.