நிறம் சொல்லும் செய்தி

தில்லி ஜங்புராப் பகுதியில், பாராபுல்லா வடிகாலின் கரையில் தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகள் வாழ்ந்த இடம் மதராசி கேம்ப். 2025 ஜூன் மாதம் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. குடும்பங்கள் பல நரேலாவுக்குச் சென்றன. இடம் மாறினாலும் வழக்கங்கள் உடன் செல்லும். அவற்றுள் ஒன்று ஆரத்தி.

மஞ்சள் கலந்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் நீர் செந்நிறம் பெறும். காரணம் யாது? மஞ்சளில் குர்குமின் என்னும் நிறமி உள்ளது. அமிலத்திலும் தூய நீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். சுண்ணாம்பு ஒரு காரம். துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பது இதனாலேயே. எலுமிச்சைச் சாறு பட்டால் அது மீண்டும் மஞ்சளாகும். இவ்வாறு அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் உணர்த்தும் பொருள் நிறங்காட்டி எனப்படும்.

வட இந்தியர் ‘அபராஜிதா’ என்றழைக்கும் சங்குப்பூவும் ஒரு நிறங்காட்டியே. அதன் நீலச் சாறு எலுமிச்சையால் ஊதாவாகும். சலவைச் சோடாவால் பச்சையாகும். அதிலுள்ள நிறமி ஆந்தோசயனின். இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் வயலட் பூச்சாற்றின் இத்தகைய நிறமாற்றத்தை 1664இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

தில்லியின் கோடை வெப்பத்தில் மீன் விரைவில் கெடும். அப்போது அம்மோனியா போன்ற காரத்தன்மையுள்ள ஆவிகள் வெளிப்படும். ஆந்தோசயனின் கலந்த மெல்லிய படலத்தைப் பொட்டலத்தினுள் வைத்தால், அவ்வாவிகளால் அதன் நிறம் மாறும். பொட்டலத்தைத் திறவாமலே மீன் கெட்டதை அறியலாம். இத்தகைய படலங்களை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.

எனினும், நிறங்காட்டி அமிலத்தையும் காரத்தையுமே காட்டும். எல்லா நஞ்சையும் காட்டாது. ஐயம் தோன்றும் உணவைத் தவிர்ப்பதே நலம்.