காபிக் கடைக்குப் பாரம்பரியம் உண்டா?

லண்டன் மைடா வேல் பகுதியில் 1921-இல் கட்டப்பட்ட கார்ல்டன் டேவர்ன் என்னும் மதுக்கூடத்தை, அதன் உரிமையாளர் தரப்பு 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடித்துத் தள்ளியது. அதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பது பரிசீலனையில் இருந்த நேரம் அது. இடித்ததைப் பழையபடியே கட்டித்தர வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர மன்றம் உத்தரவிட்டது. 2021-இல் அது மீண்டும் மதுக்கூடமாகவே திறக்கப்பட்டது.

மதுக்கடை என்றதும் டாஸ்மாக் நினைவுக்கு வரும் நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால், 'பப்' என்பது 'பொது இல்லம்' எனப் பொருள்படும் 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். அங்கே பீரைவிட முக்கியமானது, அதை முன்னிட்டுக் கூடும் ஊர். பெல்ஃபாஸ்ட் நகரின் கிரவுன் மதுக்கூடம் விக்டோரியா காலத்தின் வண்ண ஓடுகள், எரிவாயு விளக்குகள், பணியாளரை அழைக்கும் மணி பொருத்திய மரத் தடுப்பறைகள் ஆகியவற்றுடன் இன்றும் இயங்குகிறது. 1978 முதல் அதன் உரிமை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையிடம் உள்ளது. இங்கிலாந்தில் ஒரு பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ 2017 முதல் திட்ட அனுமதி கட்டாயம்.

சென்னையில் அத்தகைய பொது இல்லமாக விளங்கியது காபி ஹோட்டல். கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அதற்குச் சிறந்த சான்று. மரநிழலில் நின்ற கார்களுக்கே சிற்றுண்டித் தட்டுகள் வந்தன. உள்ளே மாணவர்கள், எழுத்தாளர்கள், திரைத் துறையினர், விற்பனைப் பிரதிநிதிகள் எனப் பலரும் ஒரு குவளைக் காபியுடன் நெடுநேரம் அமர்ந்திருக்க முடிந்தது. நிலத்தை அரசு மீட்டுக்கொண்டதால் 2008-இல் அது மூடப்பட்டது. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா அமைந்தது. பூங்கா நகருக்குத் தேவையானதே. எனினும், இழந்தது என்ன என்று கணக்கிட நம்மிடம் அளவுகோலே இல்லை.

காரணம் எளியது. 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் முதன்மையாகக் கட்டடங்களையும் வளாகங்களையும் கருத்தில் கொள்கிறது. உட்லண்ட்ஸின் சிறப்போ கட்டடத்தில் இல்லை. மயிலாப்பூரின் ராயர் மெஸ், கற்பகாம்பாள் மெஸ் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அங்கே கூட்டம் சேர்வது கெட்டிச் சட்னிக்கும் காபிக்கும், பரிமாறுபவரோடு உள்ள பழக்கத்துக்குமே தவிர, சுவர்களுக்காக அன்று. வாடகை உயர்ந்தாலோ, அடுத்த தலைமுறை தொழிலைத் தொடர விரும்பாவிட்டாலோ, எந்தப் பட்டியலும் அவற்றைக் காப்பாற்றாது.

பழமை என்பதாலேயே எல்லாவற்றையும் போற்ற வேண்டியதில்லை. விக்டோரியா காலப் பப்களின் தடுப்புகள் வர்க்கங்களைப் பிரித்துவைத்தன. தமிழகத்தின் பழைய காபி ஹோட்டல்கள் பல சாதியைப் பிரித்துவைத்தன. 'பிராமணாள்' என்ற பெயர்ப் பலகையை எதிர்த்து 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு பெரியார் நடத்திய போராட்டம் அந்த வரலாற்றின் பிரிக்க முடியாத பகுதி. ஹோட்டல்கள் பொது இல்லங்களாகப் பிறக்கவில்லை. போராட்டங்களே அவற்றைப் பொதுவாக்கின. அவ்வாறு வென்றெடுத்த இடங்களை வாடகைக் கணக்கில் இழப்பது இரட்டை இழப்பு.

வழி இல்லாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் மரபுத் தொழில்களுக்கெனத் தனிப் பதிவேடு தொடங்கியது. பொதுவாக 30 ஆண்டுகளுக்கு மேல் இயங்கி, ஊரின் அடையாளத்துக்குப் பங்களித்த கடைகள் அதில் இடம்பெறுகின்றன. அத்தகைய கடைக்குக் குறைந்தது 10 ஆண்டுக் குத்தகை அளிக்கும் கட்டட உரிமையாளருக்கும் உதவித்தொகை வழங்க அங்கே வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். இங்கே காக்கப்படுவது கட்டடம் அன்று, தொழில்.

சென்னை மாநகராட்சி இதனை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தொடங்கலாம். முதலில் ஒரு பட்டியல். அடுத்து, பட்டியலில் உள்ள கடைகளுக்குச் சொத்துவரி, உரிமக் கட்டணச் சலுகை. நெடுங்காலக் குத்தகை தரும் உரிமையாளருக்கு ஊக்கத்தொகை. இடிக்கப்பட்ட மதுக்கூடத்தைச் செங்கல் செங்கலாக மீட்ட லண்டனைப்போல நாம் செலவழிக்க வேண்டியதில்லை. மூடப்படுவதற்கு முன்பே விழித்துக்கொண்டால் போதும்.