லாகின் லிங்க் அசல்தான்... ஆனா போய்ச் சேரும் இடம்? 'ஓப்பன் ரீடைரக்ட்' ஓட்டையை அடைப்பது எப்படி?

லிங்க்கின் தொடக்கத்தில் உங்கள் வங்கியின் அசல் முகவரிதான் இருக்கிறது. நம்பி லாகின் பண்ணினால், அச்சு அசலாக அதே மாதிரி ஒரு போலிப் பக்கம் வருகிறது. "பாஸ்வேர்டு தப்பு, மறுபடி போடுங்க" என்கிறது. போட்டால் போச்சு!

ஓட்டை எங்கே?

லாகினுக்குப் பிறகு எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்பதை லிங்க்கிலேயே சேர்ப்பது வழக்கம். அதைத் தளம் சரிபார்க்காவிட்டால், மோசடிக்காரர் தன் முகவரியை அங்கே செருகிவிடலாம்.

தீர்வு என்ன?

2021 டிசம்பரில் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் 7, வெளித்தளத்துக்குப் போகும் ரீடைரக்டைத் தடுத்து எரர் காட்டும். ஆனால், பழைய ப்ராஜெக்டை அப்டேட் செய்தால் மட்டும் போதாது. 'லோட் டிஃபால்ட்ஸ்' பழைய எண்ணிலேயே இருந்தால் இந்தப் பூட்டு தானாக விழாது.

எரர் வருதே என்று எல்லா இடத்திலும் 'அலோ அதர் ஹோஸ்ட்' போடாதீங்க. அது பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவது மாதிரி. பயனரிடமிருந்து வரும் முகவரியை 'யூஆர்எல் ஃப்ரம்' மூலம் சோதியுங்கள். வெளித்தளம் என்றால் முகப்புப் பக்கத்துக்கே அனுப்புங்கள்.