ஒரு பக்கம், 201 கேள்விகள்

விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டம், சிங்கவரம் கிராமம் என்று தேர்ந்தெடுத்ததும் 200 பட்டாக்களைப் பட்டியலிடும் ஒரு செயலியை இளைஞர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் வரத் தாமதமாகிறது. சர்வர் போதவில்லை, நெட் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் முதலில் திறக்க வேண்டியது டேட்டாபேஸின் டிரேஸ் லாக்.

செயலி டேட்டாபேஸிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் (குவெரி), கேட்ட நேரமும், அதற்குப் பிடித்த மில்லிசெகண்டும் அதில் வரிவரியாகப் பதிவாகின்றன. முதல் வரி பட்டா எண்களைக் கேட்கிறது. அதன்பின் ஒரே அச்சில் வார்த்தாற்போல் 200 வரிகள். ஒவ்வொரு பட்டாவுக்கும் உரிமையாளர் பெயரைத் தனித்தனியே கேட்கின்றன. ஒரு முறை போய்வர 20 மில்லிசெகண்டு என்றாலும் மொத்தம் 4 விநாடி! நிரலில் இது ஒரு சின்ன லூப். அங்கே எளிதில் கண்ணில் படாது. ‘என் பிளஸ் ஒன்’ (இங்கே 200 + 1) என்று நிரலாளர்கள் சொல்லும் இந்தச் சிக்கலுக்கு, இரண்டு அட்டவணைகளையும் இணைத்து ஒரே குவெரியாகக் கேட்பதுதான் தீர்வு.

மெதுவான குவெரிகளை மட்டும் பதியும் லாக் இங்கே உதவாது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் அதன் இயல்பு வரம்பு 10 விநாடி. நம் 200 குவெரிகளில் ஒன்றுகூட அதில் சிக்காது. அதனால் நேரத்தைப் பார்க்குமுன் எண்ணிக்கையைப் பாருங்கள் என்பேன். பிறகு வரிகளுக்கு இடையிலான இடைவெளி. குவெரிகள் சட்டென்று முடிந்தும் நடுவில் நீண்ட மௌனம் இருந்தால், பெரும்பாலும் தாமதம் செயலியில்தான். வழக்கமாக நொடியில் முடியும் குவெரி திடீரென்று இழுத்தால், அதே தரவின் மீது வேறொருவர் போட்ட பூட்டு விலகுவதற்காக அது காத்திருக்கலாம்.

டேட்டாபேஸ் தனக்கென்று எழுதிக்கொள்ளும் லாக் வேறு. பட்டா மாறுதலின் நடுவே மின்சாரம் போனால், அந்த லாக்கைப் படித்துத்தான் டேட்டாபேஸ் மீள்கிறது. பல டேட்டாபேஸ்களில் அந்த மீட்புக்கு அடிப்படையான ‘ஏரீஸ்’ முறையை 1992-இல் விரிவாக வெளியிட்டவர்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகனும் ஐ.பி.எம். சகாக்களும். முடிந்த மாற்றங்கள் நிலைக்கும். பாதியில் நின்றவை திரும்பப் பெறப்படும். நிலப் பதிவுக்கு இதைவிட முக்கியமானது எது?

டிரேஸ் லாக்கில் மக்களின் பெயரும் கைப்பேசி எண்ணும்கூடப் பதிவாகக்கூடும். சோதனைச் சர்வரில் மட்டும் லாக்கை முழுதாகத் திறந்து, மற்ற இடங்களில் அந்த விவரங்களை மறைத்துவிட வேண்டும்.