கிருஷ்ண ஆல்: பிறவியிலேயே வந்த கிண்ணம்

இலையின் அடி மடிந்து ஒட்டிக் கிண்ணமாகியிருப்பதால், கிருஷ்ண ஆலைப் பூச்சி அரித்த ஆலமரம் என்று எண்ணத் தோன்றும். ஒரு கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நரம்புகள் புடைத்து நிற்பது தெரியும். இலையின் அடிப்புறம்தான் இங்கே கிண்ணத்தின் உட்புறம். தாமரை இலை குழிந்தால் மேற்புறமே உள்ளே இருக்கும். பூச்சிதான் காரணமென்றால், கிளையை வேறிடத்தில் வைத்து வளர்த்ததும் புதுத்தளிர் சரியாகிவிட வேண்டும். பதியன் கன்றிலோ தளிருக்குத் தளிர் கிண்ணமே வருகிறது. ஆகவே இது மரத்தின் பிறவிக்குணம்.

இம்மரத்தில் சாதாரண ஆலிலையும் எப்போதாவது தலைகாட்டுகிறதே என்று கேட்கலாம். அது ஆலோடு இதற்குள்ள நெருங்கிய உறவுக்குச் சான்று. கிண்ணம் தற்செயல் என்பதற்குச் சான்றல்ல. தாவரவியலாளர் காசிமிர் டி காண்டோல் இம்மரத்தைத் தனி இனமென்றார். பின்வந்த தாவரவியலாளர் கார்னர் அதை ஆலின் ஒரு வகையாகச் சேர்த்தார். யார் பக்கம் நின்றாலும், அரிய இந்த மரத்தை விதையை நம்பிப் பெருக்குவது சரியல்ல. குளவி சுமந்துவரும் மகரந்தம் பக்கத்து ஆலமரத்தினுடையதாகவும் இருக்கலாம். விண்பதியமே நம்பகமான வழி: விரல் தடிமனுள்ள கிளையில் பட்டையை வளையமாக உரித்து, பால் வடிந்து நின்றபின் ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டி, வேர் நன்றாக ஓடியபிறகே வெட்டி நட வேண்டும்.