ஈயச் சன்னமும் அதன் மேற்பூச்சும்

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி எழுதியோர் தோட்டாவிற் பூசப்பட்ட கொழுப்பைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அக்கொழுப்பு பசுவினதா பன்றியினதா என்ற வாதம் வளர்ந்த அளவுக்கு, சன்னத்துக்குக் கொழுப்பு எதற்கு என்னும் வினா வளரவில்லை. அவ்வினாவிலிருந்து தொடங்கினால், இன்று ஐக்கிய அமெரிக்காவிற் பொழுதுபோக்காகச் சுடுவோர் பலர் தாமே வார்த்த ஈயச் சன்னங்களுக்குப் பூச்சுத்தூள் இடுவது ஏன் என்பதையும், அப்பூச்சு எதனைக் காக்கிறது, எதனைக் காக்கவில்லை என்பதையும் நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஈயம் 327 பாகை சதமவளவையில் உருகுவது. சாதாரண அடுப்பிலேயே உருக்கி அச்சில் வார்க்கலாம். அடர்த்தி மிக்கதாதலின் சிறு சன்னமும் நெடுந்தூரம் வேகங் குன்றாது செல்லும். ஆயினும் அதன் மென்மை நன்மையும் தீமையுமாம். றைபிளின் குழலினுள்ளே வெட்டப்பட்ட சுரிவரிகளுள் மென்மையான ஈயம் எளிதிற் பதிந்து சுழற்சி பெறுகிறது. அதேவேளை, உராய்வினாலும், சன்னத்தின் ஓரமாகக் கசியும் கொதிவாயுவின் அரிப்பினாலும் ஈயம் குழலில் ஒட்டிக்கொள்கிறது. சில வெடிகளின் பின் குறி தவறத் தொடங்கும்.

1853 ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் றைபிளுக்குரிய சன்னம் தாளிற் சுற்றப்பட்டு, அத்தாளின் மேல் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. வாய்வழியே மருந்திடும் அத்துவக்கில் சன்னம் இலகுவாக இறங்கவும், கரிமருந்தின் கசடு இளகவும், ஈயம் ஒட்டாதிருக்கவும் அக்கொழுப்பு வேண்டப்பட்டது. தேன்மெழுகும் எண்ணெயும் கொண்டு தாமே பூசிக்கொள்ளலாம் எனச் சிப்பாய்களுக்குப் பின்னர் அனுமதி கொடுக்கப்பட்டும் ஐயம் தணியவில்லை. மசகிடுதல் என்னும் தொழினுட்பத் தேவையொன்று ஆதிக்கத்தின் மீதான அவநம்பிக்கையோடு மோதியமையே அங்கு நிகழ்ந்தது எனலாம்.

1880களிற் புகையற்ற மருந்து வந்தபின் சன்னத்தின் வேகம் வினாடிக்கு 600 மீற்றரைத் தாண்டியது. கொழுப்பும் தாளும் அவ்வேகத்துக்குத் தாங்கவில்லை. ஈயத்தின் மேற் செம்பு போன்ற உலோகத்தாலான உறை போர்த்தப்பட்டது. இராணுவங்களுக்குச் சிக்கல் அவ்வளவில் தீர்ந்தது. வீட்டில் வார்ப்போர் மட்டும் மெழுகுக் கலவையையே தொடர்ந்து நம்பியிருந்தனர்.

அம்மெழுகின் இடத்தையே இன்று பூச்சுத்தூள் பிடித்துள்ளது. இது துவக்குக்கென ஆக்கப்பட்டதன்று. அலுமினிய யன்னற் சட்டங்களுக்கும் குளிரூட்டிகளுக்கும் பூசப்படும் அதே பொலியெசுத்தர்த் தூளாகும். தலைவாரிய சீப்பு கடதாசித் துண்டை ஈர்ப்பதை யாவரும் கண்டிருப்போம். பிளாத்திக்குப் பாத்திரமொன்றில் சன்னங்களையும் தூளையும் இட்டுக் குலுக்கும்போதும் அவ்வாறே உராய்வினால் நிலைமின் ஏற்றம் தோன்ற, தூள் ஈயத்தின் மீது படிகிறது. பின்னர் ஏறத்தாழ 200 பாகையில், மின்போறணையிற் சிறிது நேரம் வைக்க, தூள் உருகிப் பரந்து, அதன் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து, மீண்டும் உருகாத தோலாகிறது. ஈயத்தின் உருகுநிலை இதனினும் உயர்ந்ததாதலாலேயே இது இயல்கிறது. அந்திமனி கலந்த ஈயம் 252 பாகையிலேயே உருகத் தொடங்குமாதலின், போறணையின் வெப்பமானி பிழைத்தால் சன்னங்கள் உருக்குலைந்துவிடும். அத்துடன், வன்மைப்படுத்திய கலப்புலோகம் போறணையில் மென்மையுறுவதும் உண்டு. சூடாறுமுன் நீரில் அமிழ்த்துவோர் இழந்த வன்மையை மீட்கவே அவ்வாறு செய்கின்றனர்.

இத்தோல் குழலைக் காக்கிறது. மெழுகுப் புகையைத் தவிர்க்கிறது. சன்னத்தைத் தொடும் விரலில் ஈயம் படிவதைக் குறைக்கிறது. இதனைக் கொண்டு ஈய ஆபத்தே நீங்கிற்று என்போரும் உளர். அக்கூற்றை நாம் ஏற்கவில்லை.

பூச்சு வருவது வார்ப்புக்குப் பின். உருக்குபவனுக்கு நேரும் தீங்கோ அதற்கு முன்னரே நேர்ந்துவிடுகிறது. மோட்டார் வண்டிச் சில்லுகளிலிருந்து கழற்றிய பழைய ஈயத்துண்டுகளை உருக்கும்போது எழும் ஆவி பற்றியே பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அவ்வெப்பநிலையில் ஈய ஆவி அற்பமே. மேலே மிதக்கும் ஒட்சைட்டுக் கசடு, அதை வழித்தெடுக்கையிற் பறக்கும் தூசு, அத்தூசு படிந்த கை, உடை, காலணி என்பனவே பெரும் வழிகள். அவற்றோடு அது சமையலறைக்கும் தவழும் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. குழந்தையின் குருதியில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்பது இன்றைய மருத்துவத்தின் ஏகோபித்த கருத்து. அதே போறணையில் பின்னர் பாண் சுடும் வழக்கமும் இருக்குமாயின் சொல்லவேண்டியதில்லை.

வெடித்த பின்னரும் நிலை முற்றாக மாறிவிடவில்லை. தோட்டாவின் அடியில் தட்டியவுடன் தீப்பற்றும் சிறு கிண்ணத்தில் பொதுவாக ஈயச் சேர்வையொன்றே இன்னும் இடம்பெறுகிறது. மூடிய அறையிற் சுடுவோன் அதனைச் சுவாசிக்கிறான். சன்னத்தின் மேற்பூச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலக்கில் மோதிச் சிதறும் ஈயத்தையும் அம்மெல்லிய தோல் தடுப்பதில்லை. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற விலங்குடலில் இருந்த ஈயத்துணுக்குகளை உண்டு கலிபோர்ணியாவின் கொண்டோர்க் கழுகுகள் மடிந்தன. 1982 இல் எஞ்சியிருந்தவை 22 மட்டுமே. அவற்றைக் காட்டுக்கு மீளவிட்ட பின்னரும் ஈயநஞ்சே அவற்றின் மரணத்துக்கு முதற் காரணமாயிற்று. கலிபோர்ணியா அரசு 2008 இல் அக்கழுகுகள் வாழும் பகுதிகளிலும், 2019 யூலை முதல் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு ஈயச் சன்னங்களைத் தடைசெய்தது. அங்கு வேட்டைக்குச் செல்வோர் இப்போது முற்றிலும் செம்பினாலான சன்னங்களைப் பயன்படுத்துகின்றனர். வீட்டில் வார்த்த ஈயம் பூச்சுடனாயினும் பூச்சின்றியாயினும் அவர்களுக்கு அனுமதிக்கப்படுவதில்லை.